தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய உதவி தேவை

சிப்புட் மகள்:
வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சில குடும்பங்களே மிஞ்சியிருக்கின்றன. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது. பழையவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். மின்விசிறி இரைச்சலும், மழை வந்தால் தகரக்கூரைச் சத்தமும் பேச்சை விழுங்கிவிடுகின்றன. அதைவிட வருத்தம் இது: எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் "அந்தக் கால வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால், "கஷ்டப்பட்டோம், பிள்ளைகளை வளர்த்தோம், வேறு என்னம்மா" என்று முடித்துவிடுகிறார். மகன் குறுக்கே புகுந்து அவருக்காகப் பேசுகிறார். என்ன செய்யலாம்?

பால்வாளி:
தங்கச்சி, வரலாறு என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. வேலையைக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பெயர் கூப்பிட்டது கிராணியா (எழுத்தர்) தண்டலா (மேற்பார்வையாளர்), கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டீர்களா, மழை நாளில் கூலி என்ன ஆனது? என் பெரியம்மாவும் முதலில் இப்படித்தான் இருந்தார். பால் வெட்டும் பழைய கத்தியைக் கையில் கொடுத்தேன். பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் மரத்துக்குக் காயம் என்று விரல் நகத்தைக் காட்டி விளக்கினார். பிறகு காண்டா (இருபுறமும் பால்வாளி தொங்கும் தோள்கழி) சுமந்து தழும்பேறிய தோளைத் தொட்டுக்காட்டினார். அன்று அவரை நிறுத்த முடியவில்லை.

மகனை ஒதுக்காதீர்கள். அவருக்கும் தனியாக ஒரு நாள் குறித்துப் பதிவு செய்யுங்கள். தன் முறை வரும் என்று தெரிந்தால் பாட்டியின் நேரத்தில் குறுக்கிடமாட்டார்.

ஒலிக்காரர்:
மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கம் தாங்காதென்றால் காலையிலேயே போங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், மடித்த துண்டின்மேல் கைப்பேசியைப் பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள், விமானப் பயன்முறையில். முடிந்தால் எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். மூலக்கோப்பில் கைவைக்காமல் வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள்.

கிராணி மகன்:
ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்தில்தான் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. "துரைகளைச் சுட்டபோது உங்களுக்குப் பால்பல் விழுந்திருந்ததா?" என்று கேட்டால் வயது தானே வந்துவிடும். தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றது), 1969இல் வேலைப் பெர்மிட் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாதவர்கள்) தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியது, இவையும் நல்ல அடையாளங்கள். பாட்டி சொல்வது ஏட்டோடு பொருந்தாவிட்டால் திருத்தாதீர்கள். அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் குறிப்புப் போடுங்கள்.

சிப்புட் மகள்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். கத்தி கிடைக்கவில்லை, பழைய பால்கோப்பை ஒன்றைக் கொண்டுபோனேன். பாட்டி பேசிவிட்டார்! ஆனால் கள்ளுக்கடைச் சண்டை ஒன்றில் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள்.

பால்வாளி:
அந்தப் பகுதியைப் பாட்டிக்கே போட்டுக் காட்டி, யார் கேட்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் அதே குரலில் பதிவு செய்யுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். ஊருக்குக் கொடுக்கும் நகலில் மட்டும் பெயரை எடுத்துவிடுங்கள்.