ஐடில் துடிக்குது, பி0171 கோட்: ஏர்ஃப்ளோ சென்சாரை மாத்தணுமா?

இரண்டாம்கியர்:
2001 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் சூடான பிறகும் ஐடில் 650க்கும் 900க்கும் நடுவுல ஏறி இறங்குது, சிக்னல்ல நின்னா சில நேரம் ஆஃப் ஆயிடுது. ஸ்கேனர்ல பி0171 (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லைங்கற கோட்) மட்டும்தான். லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற அளவு) ஐடில்ல +22 சதவீதம், 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா +6. உள்ள போற காத்தை அளக்கற ஏர்ஃப்ளோ சென்சார் ஐடில்ல விநாடிக்கு 1.7 கிராம் காட்டுது. ஏர் ஃபில்டர் புதுசு. மெக்கானிக் சென்சாரை மாத்தச் சொல்றார். மாத்திடலாமா?

வேக்குவம்கேஜ்:
இப்போதைக்கு வேண்டாம். நீங்க குடுத்த ரெண்டு ட்ரிம்லயே விஷயம் இருக்கு. சென்சார் அழுக்காகி காத்தைக் குறைச்சு அளந்தா, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. ஐடில்ல த்ராட்டில் (காத்து வழியைத் திறந்து மூடற தகடு) மூடியிருக்கறதால மேனிஃபோல்டுக்குள்ள (காத்தை சிலிண்டர்களுக்குப் பிரிக்கற குழாய்) உறிஞ்சல் பலமா இருக்கும். சின்ன ஓட்டை இருந்தாலும் சென்சார் கணக்குல வராத காத்து உள்ள போயிடும். 2500ல மொத்தக் காத்து பல மடங்கு, ஓட்டையோட பங்கு சிறுத்துடும். 1.7 கிராமும் அதையே சொல்லுது: இந்த அளவு எஞ்சின் சூடான ஐடில்ல 2 முதல் 3 கிராம் வரை இழுக்கணும்.

அதனால த்ராட்டிலுக்கு அப்புறம் தேடுங்க. முதல்ல பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டு போற குழாய்). மேனிஃபோல்டுக்கு அடியில வளையற எல்போ ஆயில்ல ஊறி, அமுக்கினா மாவு மாதிரி நசுங்கும். விரிசல் அடிப்பக்கம் இருக்கும், மேலேருந்து பார்த்தா ரப்பர் புதுசு மாதிரிதான் தெரியும். கண்ணாடி வெச்சுப் பாருங்க, விரலால அடிப்பக்கம் தடவுங்க. ஆனா எஞ்சின் ஆறின பிறகு.

வேக்குவம் ஹோஸ்களை ஐடில்ல ஒவ்வொண்ணா மூக்குப் பிளையர்ல துணி சுத்திப் பிடிங்க. எதைப் பிடிச்சா ஷார்ட் டேர்ம் ட்ரிம் (அந்தந்த நொடியோட திருத்தம்) சட்டுனு இறங்குதோ, கசிவு அந்த வழியில. எதுலயும் இறங்கலேன்னா மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங். அதுக்கு ஸ்மோக் டெஸ்ட்தான் (புகையை உள்ள விட்டு எங்க வெளிய வருதுன்னு பார்க்கறது) சரி. சூடான எஞ்சின்ல கார்ப் க்ளீனர் அடிச்சுத் தேடாதீங்க, தீப்பிடிக்கும்.

நெளிகுழாய்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கற நெளி ரப்பர் குழாயையும் கழட்டி, ஒவ்வொரு மடிப்பையும் விரிச்சுப் பாருங்க. அங்க கிழிஞ்சா ஐடில் ஓரளவு நல்லாவே இருக்கும், கியர் போட்டு எஞ்சின் சாயும்போது கிழிசல் வாய் திறந்து வண்டி ஜெர்க் அடிக்கும்.

பிரேக் பூஸ்டரையும் (வேக்குவத்தால பெடல் அழுத்தத்தைக் கூட்டித் தர்றது) விடாதீங்க. ஐடில்ல பெடலை அமுக்கிப் பிடிச்சா ஐடில் மாறுதா, உஸ்ஸுனு சத்தம் நிக்காம வருதான்னு கவனிங்க. அப்படின்னா அதுக்குள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரம் போயிருக்கு. அது பாதுகாப்பு விஷயம், தள்ளிப் போடக் கூடாது.

இரண்டாம்கியர்:
பிசிவி எல்போதான். அடியில ரெண்டு விரக்கடைக்குப் பிளந்திருந்தது. மாத்தி, கோட் அழிச்சு ஓட்டினதுல ஐடில் ட்ரிம் +3, காத்து 2.4 கிராம். ஆனா ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சா பிக்கப் இன்னும் குறைவுதான்.

வேக்குவம்கேஜ்:
இப்போ சென்சாரைச் சோதிக்கலாம். காலி ரோட்டுல, பக்கத்துல ஒருத்தர் ஸ்கேனர் பார்க்க, மூணாவது கியர்ல முழு த்ராட்டில் குடுத்து 5500 வரை போங்க. குதிரைசக்தியை 0.8ஆல பெருக்கினா கிட்டத்தட்ட உச்ச அளவு: 100 குதிரைசக்திக்கு விநாடிக்கு 80 கிராம். 55ஓட நின்னுட்டா, அதே நேரத்துல எக்ஸாஸ்ட்ல இருக்கற முன் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்க. பழைய ஒரு வோல்ட் வகையா இருந்து 0.2க்குக் கீழ (பெட்ரோல் பத்தல) விழுந்தா காத்து நிஜமாவே போகுது, ஏர்ஃப்ளோ சென்சார் குறைச்சு அளக்குது. ஃப்யூல் பிரஷரையும் பார்த்துடுங்க. 0.85 பக்கம் (பெட்ரோல் தாராளம்) நின்னா அளவு சரி, காத்துதான் போகல: எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கலாம்.

குறைச்சு அளந்தா முதல்ல க்ளீனிங். ஏர்ஃப்ளோ சென்சாருக்குன்னே வர்ற ஸ்ப்ரே மட்டும், 10–15 சின்னச் சின்ன அடி. பிரேக் க்ளீனர் வேண்டாம், பஞ்சுக்குச்சி வேண்டாம், கம்ப்ரெஸர் காத்து வேண்டவே வேண்டாம். உள்ள இருக்கற கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு. அரை மணி நேரம் தானா காயட்டும். மாட்டும்போது அம்புக்குறி எஞ்சின் பக்கம் இருக்கணும், ஓ-ரிங் மடங்கக் கூடாது.

அப்பவும் ஏறலேன்னா கனெக்டர்ல எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல, எஞ்சின் ஓடும்போது வோல்ட் பாருங்க. 0.1க்கு மேல இருந்தா வயரிங் கோளாறு, புது சென்சாரும் தப்பாத்தான் காட்டும்.