முள் சொன்னதும் நெகட்டிவ் காட்டியதும்: ஃபிலிம் கேமரா ஒளிமானி அனுபவங்கள்

பாட்டிக்கு எண்பத்தேழு வயது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளை அப்பாவின் ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவில் ஐந்து படம் எடுத்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் நடுவில் வந்து நின்ற பிறகுதான் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினேன். ரோலைக் கழுவிப் பார்த்தால், பின்னால் வெயில் விழுந்த களம் அழகாகப் பதிந்திருக்கிறது. பாட்டியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நெகட்டிவ் ஒளியே பதியாமல் வெறும் கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கிறது.

அந்த வாரமே மீட்டரைச் சோதிக்க உட்கார்ந்தேன். ஓஎம்-1, இரவல் வாங்கிய நிக்கான் எஃப்எம்2, பெண்டாக்ஸ் கே1000. முதலில் மூன்றையும் தெருவை நோக்கிப் பிடித்தேன்; மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. அது என் சோதனையின் தவறு. எஃப்எம்2 தன் அளவீட்டில் 60 விழுக்காட்டை நடுவிலுள்ள 12 மி.மீ. வட்டத்திலிருந்து எடுக்கிறது, கே1000 ஏறத்தாழ முழுச் சட்டத்துக்கும் சராசரி போடுகிறது. ஓரத்தில் கொஞ்சம் வானம் நுழைந்தாலே விடை மாறும்.

பிறகு வீட்டுப் பின்புறம், வெள்ளையடிக்காத சிமெண்டுச் சுவருக்குப் போனேன். சீரான நிழல். மூன்றிலும் 50 மி.மீ. லென்ஸ், ஃபோகஸ் முடிவிலியில், ஃபிலிம் வேகம் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப்/8, சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத தூரம். எஃப்எம்2 ஷட்டர் வேகம் 1/250 நொடி என்றது. கே1000 அதையே சொன்னது, முள் மட்டும் மயிரிழை மேலே. ஓஎம்-1 காட்டியது 1/500. முழுதாக ஒரு ஸ்டாப், அதாவது ஃபிலிமுக்குப் பாதி ஒளிதான் போகும்!

காரணம் நான் போட்ட பேட்டரி. ஓஎம்-1 வடிவமைக்கப்பட்டது 1.35 வோல்ட் பாதரச செல்லுக்கு. நஞ்சு என்று அவை கடைகளிலிருந்து போய்விட்டதால், அதே உருவத்திலுள்ள 1.5 வோல்ட் ஆல்கலைன் செல்லைப் போட்டிருந்தேன். மின்னழுத்தம் கூடினால் முள் இல்லாத வெளிச்சத்தையும் சேர்த்துக் காட்டும். அதன்மேல் பின்னணி வெயிலும் சேர்ந்துகொள்ள, பாட்டியின் முகத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒரு ஸ்டாப் கழித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நிலைக்காது. ஆல்கலைன் செல் தீரத் தீர மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

* * *

நான் தூத்துக்குடி உப்பளங்களைப் பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் எடுக்கிறவன். தங்கைக்கு நேர்ந்த பேட்டரித் தொல்லை எனக்கு வரவில்லை. அதன் மீட்டர் மின்னழுத்த வேறுபாட்டைத் தானே ஈடுகட்டும் பாலச் சுற்று முறையில் இயங்குவதால் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல் போட்டாலும் அளவு பிசகுவதில்லை. ஆனாலும் காலை வேளைப் படங்கள் எல்லாம் இருண்டே வந்தன. உப்பின் வெண்மையை மீட்டர் நடுச்சாம்பலாக எண்ணிக்கொள்ளும் என்று தெரிந்து, இரண்டு ஸ்டாப் கூட்டித்தான் எடுத்திருந்தேன். அப்படியும் இருட்டு.

ஒரு நாள் வெயில் தாங்காமல் துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தேன். முள் சடாரென்று இறங்கியது, ஒரு ஸ்டாப்புக்கு மேல். அப்போதுதான் புரிந்தது. ஒளியுணரிகள் கண் வைக்கும் துவாரத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. நான் கண்ணாடி அணிபவன், சூரியன் முதுகுப்பக்கம். கண்ணாடிக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக வெயில் உள்ளே போயிருக்கிறது. ஸ்பாட்மேட்டிக்கில் லென்ஸ் துளையைச் சுருக்கிவைத்துத்தான் அளக்க வேண்டும். எஃப்/16இல் முன்பக்க ஒளி குறைந்துவிடும். பின்பக்கத்திலிருந்து வரும் ஒளி குறையாது. அதனால் பிழை இன்னும் பெரிதாகிறது. இப்போது துண்டில்லாமல் உப்பளத்துக்குப் போவதில்லை.

* * *

நாற்பது ஆண்டுகள் கேமரா பழுதுபார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கே1000இன் முள் மயிரிழை விலகியதற்காக யாரும் கேமராவைக் கழற்ற வேண்டாம். ஒளிமானியைத் தரப்படுத்தும் கே மாறிலியை நிக்கானும் கேனனும் 12.5 என்று கொண்டன; பெண்டாக்ஸும் மினோல்டாவும் 14. இரண்டுக்கும் இடைவெளி ஆறில் ஒரு ஸ்டாப்தான். வெளிச்சப் பிழையைப் பொறுக்காத ஸ்லைடு ஃபிலிமிலேகூட அது கண்ணுக்குத் தெரியாது.

பகல் சுவரோடு சோதனையை நிறுத்தவும் வேண்டாம். இரவு ஒற்றை விளக்கு எரியும் அறையிலும் அளந்து பாருங்கள். வயதான காட்மியம் சல்பைடு உணரி வெயிலில் ஒழுங்காகப் பேசிவிட்டு மங்கலில் தடுமாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிரகாசமான இடத்திலிருந்து வந்த உடனே அளக்கவும் கூடாது. அந்த உணரி பழைய வெளிச்சத்தைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். ஷட்டரையும் பாருங்கள். 1/1000 என்று பொறித்த பழைய ஷட்டர் 1/700இல் ஓடினால், மீட்டர் சரியாகச் சொல்லியும் படம் வெளுக்கும். பாவம், பழி மீட்டர்மேல் விழும்.

* * *

ஐயா சொன்னபடி இரவிலும் சோதித்துவிட்டேன். ஓஎம்-1இல் இப்போது ஆல்கலைனுக்குப் பதில் போட்டிருப்பது காதுகேள் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்று செல், ஏறத்தாழ 1.4 வோல்ட். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தேன். காற்றுத் துளையை மூடியிருக்கும் ஒட்டுத்தாளை உரித்தால் சில வாரங்கள்தான் உழைக்கும், ஆனால் அதுவரை மின்னழுத்தம் அசையவில்லை. அதே சுவர், அதே நிழல்: ஓஎம்-1 1/250 காட்டியது. விளக்கு வெளிச்சத்தில் எஃப்எம்2இலிருந்து அரை ஸ்டாப் விலகுகிறது. அதைத் தாளில் எழுதிக் கேமரா உறைக்குள் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். முதலில் பாட்டியின் முகத்தருகே போய் அளந்துகொள்வேன், பிறகுதான் பின்வாங்கி நின்று எடுப்பேன்.