மறு: ஜெனடிக் சஸெப்டிபிலிட்டி – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

இழையைத் தொடங்கியவன் நான்தான், அதனால் தவற்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய துண்டறிக்கையில் ‘ஜெனடிக் சஸெப்டிபிலிட்டி’க்கு, அதாவது ஒரு நோய் சிலரை எளிதில் பிடிக்க அவர்கள் மரபணுவே வழிவிடுவதற்கு, நான் முதலில் போட்ட சொல் ‘பரம்பரைக் காரணம்’. அச்சுக்கு அனுப்பும் முன் அத்தையிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “நம்ம வீட்ல யாருக்கும் இது கெடையாதே, பொறவு எனக்கு எதுக்குடே டெஸ்ட்டு?” என்றார். அந்தச் சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன்.

இந்த நோய் வழிவழியாக இறங்குவதல்ல. கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றித்தான் வருகிறது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். தொற்றினாலும் பெரும்பாலோர் உடம்பு ஓரிரு வருடத்தில் அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. மரபணுவுக்கு வேலை அங்கேதான் (புகைப்பழக்கம், ஹெச்.ஐ.வி. எல்லாம் தனிக் கதை). 6-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள், வைரஸின் துணுக்கைத் தூக்கி, நோயை எதிர்க்கும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. சில வகைகள் சரியாகக் காட்டிக்கொடுக்கும். சில கோட்டை விட்டுவிடும். ஸ்வீடனில் 1999-இல் வந்த ஆய்வில், நோய் கண்ட பெண்ணைப் பெற்ற தாய்க்கும் உடன்பிறந்த சகோதரிக்கும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. வளர்ப்புத் தாய்க்கு அப்படிக் கூடவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மரபுச் சார்பு’ என்றால் கணக்கு வாத்தியார் வந்து நிற்கிறார். ‘ஏற்புத்தன்மை’ நல்ல குணம்போல ஒலிக்கிறது, தவிர ‘ஏற்பி’ ஏற்கெனவே வேறு பொருளில் (ரிசெப்டர்) ஓடுகிறது. ‘மரபிணக்கம்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஹெச்.எல்.ஏ. பேச்சில் ‘திசு இணக்கம்’ (உறுப்பு மாற்றும்போது பார்க்கும் பொருத்தம்) பக்கத்திலேயே இருப்பதால் குழப்பும்.

என் பரிந்துரை ‘மரபணு இடங்கொடை’. இடங்கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்கிறோமே, அதேதான். வந்தவன் வைரஸ், திண்ணையில் படுக்க விட்டது உடம்பு. எதிர்ப்பதம் ‘இடங்கொடாமை’ கையோடு கிடைக்கிறது. (‘இடங்கொடுமை’ என்று யாரும் திருத்த வேண்டாம்!) ஈழத்து நண்பர்கள் மரபணுவைப் ‘பரம்பரையலகு’ என்பதால் அங்கே பழைய சிக்கல் மறுபடி வரலாம், அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுச் சொல்லையும் அத்தையிடம் காட்டினேன். “கொடையா? எந்தக் கோயில்ல?” என்றார். திருநெல்வேலிப் பக்கம் கொடை என்றால் கோயில் திருவிழா, வேறு எப்படிக் கேட்பார்கள்? ‘கொடை’க்குப் பதில் பொருத்தமான ஈறு தோன்றினால் எழுதுங்கள்.