மேலே ஈர்ப்பு இல்லையென்றால் நிலா ஏன் ஓடிப்போகவில்லை?

கல்லடிக்காரி:
மகனுக்கு ஏழு வயது. பின்னேரம் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மற்றப் பிள்ளைகள் மணலில் விளையாடும், இவன் மேலே பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பான். விண்வெளியில் ஆட்கள் மிதக்கிற வீடியோவை யூடியூப்பில் பார்த்துவிட்டு, ஏன் மிதக்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டான். "அங்க புவியீர்ப்பு இல்லடா" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நிலாவ ஆரு புடிச்சி வெச்சிருக்கா? அது ஓடியிருக்கணுமே" என்கிறான். சித்தப்பா தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள் நிலுவையில் கிடக்கின்றன. அமெரிக்கர்கள் மூன்று நாளில் நிலாவுக்குப் போனார்களாம், சந்திரயானுக்கு ஏன் அவ்வளவு நாள்? அங்கே மூத்திரம் வந்தால் என்ன செய்வார்கள்? நான் வர்த்தகம் படித்தவள். சின்னப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

வாத்தியார்_ஆரையம்பதி:
மகள், உங்கள் பிள்ளை கேட்டது நியூட்டன் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். "விண்வெளியில் ஈர்ப்பு இல்லை" என்ற வரிக்குச் சிவப்புக் கோடு போட்டே எத்தனையோ பேனை முடிந்தது. சித்தப்பாவைக் கோபிக்காதீர்கள், ஊரே அப்படித்தான் சொல்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. இங்கிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்த உயரத்தில் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் 90 வீதமளவுக்கு இருக்கிறது. பிறகு எப்படி மிதக்கிறார்கள்? மிதக்கவில்லை, விழுந்துகொண்டிருக்கிறார்கள். நிலையம் விழுகிறது, உள்ளே இருப்பவர் விழுகிறார், அவர் கையிலுள்ள கரண்டியும் விழுகிறது. எல்லாம் ஒரே மாதிரி விழுவதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. அதுதான் நம் கண்ணுக்கு மிதப்பாகத் தெரிகிறது.

விழுந்தால் தரையில் மோதவேண்டுமே என்று அடுத்ததாகக் கேட்பான். பாலமீன்மடு வெளிச்சவீட்டு உச்சியில் நின்று கடல் பக்கமாகக் கல்லொன்றைக் கிடையாக எறிவதாக நினைக்கச் சொல்லுங்கள். மெல்ல எறிந்தால் கிட்ட விழும், பலமாக எறிந்தால் தள்ளி விழும். ஆனால் எப்படி எறிந்தாலும் முதல் செக்கனில் அது இறங்குவது 5 மீற்றரளவுதான். இப்போது பூமியைப் பாருங்கள். அது உருண்டை. 8 கிலோமீற்றர் தள்ளிப் போனால் கடல் மட்டமும் ஏறத்தாழ 5 மீற்றர் கீழே வளைந்துவிடும். ஆகவே செக்கனுக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிய முடிந்தால், காற்றும் மலையும் தடுக்காவிட்டால், கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குத் தரையும் விலகிக்கொடுக்கும். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் உலகத்தைச் சுற்றிவந்து எறிந்தவரின் பின்மண்டையில் அடிக்கும். (வகுப்பில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது இந்தக் கடைசி வரிதான்.)

நிலாவும் அப்படித்தான். 384,400 கிலோமீற்றர் தூரத்தில் ஈர்ப்பு நன்றாக மெலிந்துவிடுகிறது. ஒரு செக்கனில் அது பூமிப் பக்கமாக விழுவது 1.4 மில்லிமீற்றரளவு. அதே செக்கனில் பக்கவாட்டில் ஒரு கிலோமீற்றர் ஓடிவிடுகிறது. பிடித்து வைத்திருப்பது பூமிதான் என்று மகனிடம் சொல்லுங்கள். பிடி இல்லையென்றால் அவன் சொன்ன மாதிரி ஓடியே போயிருக்கும்.

கல்முனை_நானா:
சேர் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சந்திரயானுக்கு நான் வருகிறேன். 1969இல் அப்பலோ 11ஐ ஏற்றிப்போன சற்றேர்ண் 5 ரொக்கெட் 110 மீற்றர் உயரம். பூமியைச் சுற்றி ஒன்றரைச் சுற்று, பிறகு ஒரே தள்ளாக நிலாவுக்குத் தள்ளிவிட்டது. சந்திரயான்-3இன் ரொக்கெட் அதில் பாதி உயரமும் இல்லை. அதனால் பூமியைச் சுற்றிச் சுற்றி, கிட்ட வரும்போதெல்லாம் என்ஜினைக் கொஞ்சம் எரித்து, பாதையைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. 2023 ஜூலை 14 புறப்பட்டு ஆகஸ்ட் 23 இறங்கியது. நாள் கூட, எரிபொருள் செலவு குறைவு. ஆட்கள் இருந்தால் இந்த விளையாட்டு சரிவராது, அத்தனை நாளைக்கும் சாப்பாடு தண்ணி ஏற்றவேண்டும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

என் மகள் கேட்டது வேறு: படப் புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது, பெருநாளைக்கு நாம் பார்க்கிற பிறை ஏன் தோணி மாதிரிப் படுத்துக் கிடக்கிறது? நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர் கீழே இறங்குகிறது. பிறையின் வெளிச்சப் பக்கம் சூரியனைப் பார்த்துத்தானே இருக்கும். படம் வரைந்தவர் குளிர் நாட்டுக்காரராக இருக்கவேண்டும்.

தாதி_மட்டுநகர்:
மூத்திரத்துக்குக் குழாயும் உறிஞ்சுகிற காற்றும். தானாகக் கீழே போகாது, அதனால் இழுக்கவேண்டும். பிறகு அதைச் சுத்தப்படுத்திக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள். நிலையத்தில் 98 வீதத் தண்ணீரை மீட்க முடிந்ததாக நாசா 2023இல் சொன்னது. கோப்பியும் அதில்தான்.

கல்லடிக்காரி:
கோப்பிக் கதைக்கு வீடே சிரித்தது. நன்றி எல்லோருக்கும். சேர், அந்த நிலையத்தை இங்கிருந்து பார்க்கலாமா?

வாத்தியார்_ஆரையம்பதி:
தாராளமாக. கண்ணாடி, தொலைநோக்கி ஒன்றும் தேவையில்லை. பொழுது பட்ட பிறகு, அல்லது விடியுமுன். நமக்கு இருட்டியிருக்க, அதன்மேல் மட்டும் வெயில் படுகிற நேரம் அது. வெள்ளி மாதிரிப் பிரகாசமாக, விட்டுவிட்டு மின்னாமல் போனால் அதுதான். மின்னினால் விமானம். சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சிலவேளை பாதி வழியிலேயே பூமியின் நிழலுக்குள் புகுந்து காணாமல் போகும். எந்த நாள், எந்தப் பக்கம் என்பதை நாசாவின் ஸ்பொட் த ஸ்டேஷன் செயலியில் பாருங்கள். மாரி தொடங்கினால் நமக்கு வானம் கிடைக்காது, அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.