அப்பத்தாவோடு அங்கோர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

காரைக்குடி ஆச்சி, காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். கம்போடியப் பயணத்தைப் பற்றி இந்தக் குழுவிலேயே பேசி இன்றைக்குள் முடிவெடுத்துவிடலாம். பெரியப்பா ஒவ்வொரு செய்தியையும் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறார்கள். ஆகவே குரல் பதிவுகளும் அரைகுறைச் சொற்களும் வேண்டாம், முழு வாக்கியங்களில் எழுதுங்கள். முதலில் தேதி. பிள்ளையார் நோன்பு முடிந்து இழை எடுத்துக்கொள்ளாமல் அப்பத்தா வீட்டை விட்டுப் புறப்பட மாட்டார்கள். தை பிறந்துவிட்டால் பழனி நடைப்பயணத்துக்கு வீட்டில் பாதிப் பேர் கிளம்பிவிடுவீர்கள். நடுவில் மிஞ்சுவது பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறை மட்டுமே.

சிங்கப்பூர் அண்ணன், காலை 6.58
அந்த வாரம் அங்குள்ள பருவத்துக்கும் பொருந்துகிறது ஆச்சி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, வெயிலும் தாங்கக்கூடியது. ஏப்ரலில் போனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலை அங்கே போய் அனுபவித்ததாக ஆகிவிடும். ஆனால் ஊர் உலகமெல்லாம் அந்த வாரத்தில்தான் அங்கே வந்து சேரும் என்பதால், விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் தள்ளிப்போட வேண்டாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறித்தான் அங்கோர் கோயில்கள் இருக்கும் சியம் ரீப்புக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நடுவில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடியும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போக நேரிடும். அப்பத்தாவை வைத்துக்கொண்டு அது ஆகாது. சக்கர நாற்காலியையும் சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

தேவகோட்டைப் பெரியப்பா, காலை 7.25
எல்லாம் சரி. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு, பக்கத்து வியட்நாமில் இருக்கும் சைகோனைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை. ஐயா கடையில் இருந்த ஊர் அது. நகரத்தார் எடுத்த தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சியம் ரீப்பில் மூன்று நாள், சைகோனில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் பயணம் என்று வைத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் இரண்டும் முடிந்துவிடுமே?

கோட்டையூர் அயித்தான், காலை 7.31
பெரியப்பா சொல்வதுதான் கணக்குக்கும் நல்லது. அங்கோர் கோயில் வளாகத்துக்குள் போக ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் முக்கியமானவற்றை எல்லாம் பார்த்துவிடலாம் என்றுதான் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களும் சொல்கிறார்கள். ஏழு நாளும் இடிந்த கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் நம்மை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

நான், காலை 8.10
பெரியப்பா, சைகோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; இந்த வாரத்தில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வியட்நாமுக்குத் தனி விசா எடுக்க வேண்டும். கம்போடியச் சுற்றுலா விசா ஒரே ஒரு முறை நுழைவதற்குத்தான் செல்லும் என்பதால், ஒருமுறை வெளியேறிவிட்டால் அதே விசாவில் திரும்பி வர முடியாது. ஊர் மாறும் நாளில் பெட்டி கட்டுவதும் விமான நிலையத்தில் காத்திருப்பதுமாக அந்த நாள் முழுவதும் போய்விடும். மறுநாளும் அப்பத்தாவால் எழுந்து நடமாட முடியாது.

அயித்தான், மூன்று நாள் சீட்டுக்கும் ஏழு நாள் சீட்டுக்கும் வித்தியாசம் ஆளுக்குப் பத்து டாலர்தான். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம், கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். ஏழு நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளானாலும் செல்லும். மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இருட்டும் வரை சுற்ற வேண்டும். இரண்டாம் நாள் மாலைக்குள் எந்தக் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்று யாருக்கும் நினைவிருக்காது. காலையில் ஒரு கோயில், பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மனமிருந்தால் மாலையில் இன்னொரு இடம் என்று வைத்துக்கொள்வோம். அப்பத்தாவின் கால்களுக்கு ஏற்றபடி திட்டம் போட்டால், நாம் அனைவருமே எதையாவது உருப்படியாகப் பார்த்துவிட்டு வருவோம்.

நான், காலை 8.24
இன்னொன்றையும் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள் பெரியப்பா. சியம் ரீப்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் பந்தியாய் ஸ்ரீ என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அரசன் கட்டியதன்று, யக்ஞவராகன் என்ற அந்தணர், அரசவையில் இருந்தவர், 967ஆம் ஆண்டு எழுப்பியது. இளஞ்சிவப்பு மணற்கல்லை மரத்தைச் செதுக்குவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். மிகச் சிறிய கோயில். நடு விமானமே பத்து மீட்டருக்குள்தான். ஏற வேண்டிய படிகளும் அதிகமில்லை. அதன் கிழக்குக் கோபுர வாயிலின் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே அம்மையார் கடல் தாண்டிப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்தூர் சின்னாத்தா, காலை 8.40
படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. திருவாலங்காட்டில் நடராசர் காலடியில் அம்மையார் இருப்பதைப் போலவேதானா?

நான், காலை 8.47
அதே அமைப்புதான் சின்னாத்தா. அங்குள்ள நூலகம் என்று சொல்லப்படும் சிறு கட்டடங்களில் இராவணன் கயிலையை அசைப்பதும், காமனைச் சிவன் எரிப்பதும், காண்டவ வனத்தின் மேல் இந்திரன் மழை பொழிவதும் இருக்கின்றன. உள்பிராகாரத்தில் கயிறு கட்டித் தடுத்திருப்பதால் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். 1923இல் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தக் கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். பின்னாளில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார்.

கோட்டையூர் அயித்தான், காலை 8.52
நம் ஊர் வீடுகளின் நிலைகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலிருந்து எங்கெங்கே போகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

தேவகோட்டைப் பெரியப்பா, காலை 9.30
இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சைகோன் எனக்கு வேண்டாம். உங்கள் ஐயா ஒரு தவணைக் கணக்கு, இன்னும் ஒரு தவணைக் கணக்கு என்று அந்த ஊரில் இருந்த வருடங்களை எல்லாம் நான் இந்த வளவிலிருந்தே பார்த்துவிட்டேன். பேயுரு கேட்டு வாங்கிய அம்மையை அந்த ஊர்க்காரன் எதற்காகச் செதுக்கி வைத்தான் என்று பார்க்க வேண்டும். முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.” இதற்கு மேல் நான் பேசுவதற்கு என்ன இருக்கிறது? சைகோனுக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

காரைக்குடி ஆச்சி, காலை 9.36
முடிந்தது. ஏழு நாளும் சியம் ரீப். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பந்தியாய் ஸ்ரீ. அதற்கு மட்டும் வேன் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்றுவதற்கு அந்த ஊர் ஆட்டோ போதும். தம்பி, அங்கோர் வாட்டை எப்படிப் பார்ப்பது என்று சொல். அதற்குள்ளே நடப்பது பெரும்பாடு என்று கேள்விப்படுகிறேன்.

நான், காலை 10.15
நடைதான் ஆச்சி. இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்காகக் கட்டிய கோயில் அது, மேற்கு நோக்கியது. மேற்கு வாசல் வழியாகப் போனால் 190 மீட்டர் அகல அகழியைத் தாண்டி, வாயில் கோபுரத்தைக் கடந்து, அதற்கப்பால் நிழலே இல்லாத கல்பாவிய பாதையில் இன்னும் முந்நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சூரிய உதயத்தைப் படமெடுக்கும் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். கிழக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை இருக்கிறது. மரநிழல் உண்டு, ஆள் நடமாட்டமும் குறைவு. நம் வீடுகளில் பின்கட்டு வாசல் வழியாக நுழைந்து வளவுக்கு வந்து சேர்வதைப் போல, அந்த வழியாகப் போனால் நேராகக் கிழக்குச் சுற்றுமண்டபத்துக்கு வந்துவிடலாம். அதன் தென்பாதி முழுவதும் பாற்கடல் கடையும் சிற்பம்தான். நீளம் ஏறத்தாழ 49 மீட்டர். ஒரு பக்கம் அசுரர், மறு பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், மேலே வரிசையாக அப்சரசுகள். அப்பத்தாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்விட்டால், அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

மேற்குச் சுற்றில் ஒரு பாதியில் குருச்சேத்திரப் போர், மறுபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோளில் இராமன் நின்று அம்பு விடுவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேவகோட்டைப் பெரியப்பா, காலை 10.40
அந்தச் சிற்பங்களை வலமாக அல்லாமல், அப்பிரதட்சிணமாக, அதாவது இடமாகச் சுற்றித்தான் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்பத்தா இதற்கு இணங்குவார்களா என்று தெரியவில்லை.

நான், காலை 10.52
உண்மைதான் பெரியப்பா. மேற்கு நோக்கியிருப்பதையும் இந்தச் சுற்றையும் வைத்து, அது அரசனுடைய ஈமக்கோயில் என்று கருதுகிறவர்கள் உண்டு. இப்போது அது பௌத்தர்களின் வழிபாட்டிடம். ஆனாலும் மேற்கு வாயில் கோபுரத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் விஷ்ணுவுக்கு அந்த ஊர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். அங்கே மட்டும் அப்பத்தா கும்பிட்டுக்கொள்ளட்டும். மற்றவை சிற்பம் பார்ப்பதுதானே?

தேவகோட்டைப் பெரியப்பா, காலை 11.05
“பார்ப்பதற்கு வலம் என்ன, இடம் என்ன” என்கிறார்கள்.

கோட்டையூர் அயித்தான், பிற்பகல் 12.20
உச்சிக்கு ஏற முடியுமா? வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

நான், பிற்பகல் 12.34
ஏறலாம் அயித்தான், படி செங்குத்தாக இருக்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மேல்தளத்துக்கு விடுவதில்லை. பௌத்தர்களின் புனித நாட்களில் அதை மூடியும் வைப்பார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வேட்டி தாராளமாகக் கட்டலாம். ஏறும்போது மடித்துக் கட்டினால்தான் சிக்கல்.

பள்ளத்தூர் சின்னாத்தா, பிற்பகல் 1.10
சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. நாம் எல்லோரும் எதையாவது சாப்பிட்டுவிடுவோம். சைவம் மட்டுமே சாப்பிடும் அப்பத்தாவுக்கு என்ன செய்வது?

சிங்கப்பூர் அண்ணன், பிற்பகல் 1.25
இதில் கவனமாகத்தான் இருக்க வேண்டும் சின்னாத்தா. காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும், மீனிலிருந்து எடுக்கும் சாறும் புரகோக் என்னும் புளிக்கவைத்த மீன் விழுதும் அவர்கள் சமையலில் உப்பைப் போலக் கலந்திருக்கும். ஊருக்குள் இந்தியச் சைவ உணவகங்கள் இருக்கின்றன, ஆனாலும் மூன்று வேளையும் அவற்றை நம்ப வேண்டாம். சமையலறையோடு கூடிய வீடாக வாடகைக்கு எடுத்துவிடலாம். அரிசியும் காயும் தேங்காயும் சந்தையில் கிடைக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வற்றலும் நம் கையிலிருந்தால் போதும். பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

காரைக்குடி ஆச்சி, பிற்பகல் 3.05
மற்ற நாட்களையும் ஒரே செய்தியாக எழுதிவிடு தம்பி.

நான், மாலை 4.20
மூன்றாவது நாள் அங்கோர் வாட் மட்டும். மறுநாள் பிள்ளைகளுக்காக பாயோன். ஏழாம் ஜெயவர்மன் கட்டியது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரத்திலிருந்து ஒரு முகம் புன்னகைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அந்த முகங்களைவிட வெளிச்சுற்றுச் சுவரில் இருக்கும் சந்தையும் சேவற்சண்டையும் சமையலும்தான் பிடித்தவை. அரசனைப் பாடும் கல்வெட்டுகள் சொல்லாததை அந்தச் சுவர் சொல்கிறது. அன்று மாலையே தா புரோம். அதே அரசன் 1186இல் தன் தாயின் பெயரால் எழுப்பியது. மரவேர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே சீரமைப்பு வேலைகளைச் செய்தவர்கள் நம் இந்தியத் தொல்லியல் துறையினர்.

ஐந்தாம் நாள் கோயிலே வேண்டாம். தோன்லே சாப் ஏரிக்குப் போகலாம். மழைக்காலத்தில் மேகோங் ஆறு பெருகும்போது இந்த ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே ஓடும். கால்மரங்களின் மேல் நிற்கும் வீடுகளைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம். ஆறாம் நாள் இளவட்டங்கள் அயித்தானோடு க்பால் ஸ்பியனுக்கு மலையேறட்டும். ஆற்றுப் படுகைப் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்களைச் செதுக்கி, அவற்றின் மேல் தண்ணீர் ஓடிக் கீழே இறங்கும்படி செய்திருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போகக் கூடாது, பழைய போர்க்காலக் கண்ணிவெடிகள் அந்த நாட்டை இன்னும் முழுவதுமாக விட்டுப்போகவில்லை. மற்றவர்களுக்கு அன்று ஓய்வு.

புதிய விமான நிலையம் 2023இல் திறந்தது. ஊரிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். கிளம்பும் நாளில் அதே திசையில் இருக்கும் ரொலுவோஸ் கோயில்களைக் காலையில் பார்த்துவிடலாம். 881இல் எழுந்த பாக்கோங் அங்கேதான் இருக்கிறது. அங்கோர் வாட்டுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

சிங்கப்பூர் அண்ணன், மாலை 4.48
ஒரே ஒரு எச்சரிக்கை. 2025இல் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்தது. எல்லையோரத்துப் பிரியா விகார் கோயிலைக் கடைசி நேரத்தில் யாரும் சேர்க்க வேண்டாம். பாங்காக்கிலிருந்து தரைவழியாக வரும் யோசனையும் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் பார்த்துவிடுகிறேன்.

கோட்டையூர் அயித்தான், மாலை 5.02
மலையேற்றத்துக்கு என் பெயரை யார் கேட்டுப் போட்டார்கள் என்று தெரியவில்லை, இருந்தாலும் வருகிறேன். ஏழு நாள் சீட்டுக்கும் சம்மதம். டாலர் மாற்றும் பொறுப்பை என்னிடம் விடுங்கள். கிழிந்த, கறைபட்ட நோட்டை அங்கே ஒரு கடையிலும் வாங்க மாட்டார்கள் என்பதால் புது நோட்டாகக் கேட்டு வாங்குகிறேன்.

காரைக்குடி ஆச்சி, மாலை 5.20
போகும் நாளிலிருந்து கடவுச்சீட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். எல்லோரும் இன்று இரவே எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தைப் படமெடுத்துத் தம்பிக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். சின்னாத்தா, புளிக்காய்ச்சல் உங்கள் பொறுப்பு.

பள்ளத்தூர் சின்னாத்தா, மாலை 5.26
எத்தனை பேருக்கு என்பதை மட்டும் நாளைக்குள் சொல்லிவிடு, நல்லெண்ணெய் வாங்க வேண்டும்.