43-ஆம் தெருவின் மரியாதைச் சுவர்: கறுப்பினக் கலைக்குச் சுவரோவியம் வரைவோர் கவனத்துக்கு
(சாரம், லாங்லி முனை, ஓதம், தூரிகை அக்கா என்ற புனைபெயர்களில் நான்கு பேர் பேசிக்கொள்வது)

சாரம்:
கறுப்பினக் கலைக்காகத் துணிந்து நிற்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் 'வால் ஆஃப் ரெஸ்பெக்ட்' (மரியாதைச் சுவர்) என்ற சுவரோவியம் எழுந்த விதத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனை. இடிபடப் போகிறது என்று குறிக்கப்பட்ட ஒரு மாடிக் கட்டடம். 1967 கோடையில் 'ஒபாசி' என்ற கறுப்பினக் கலைஞர் அமைப்பின் ஓவியப் பட்டறை அதில் சுமார் 20 அடி உயரம், 60 அடி நீளத்துக்கு வரைந்தது. அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, யாரிடமும் நிதி கேட்கவில்லை. செலவைக் கலைஞர்களே பகிர்ந்துகொண்டார்கள். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

வேலையைப் பிரித்த விதம்தான் இன்றைக்கும் பின்பற்றத் தக்கது. சில்வியா அபர்னதி சுவர் முழுவதையும் பகுதிகளாகப் பிரித்து வடிவமைத்தார். ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ், நாடகம், இலக்கியம், விளையாட்டு, சமயம், தலைவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓவியர் பொறுப்பு. ஒளிப்படக்காரர்களின் படங்களும் நடுநடுவே பொருத்தப்பட்டன. மொத்த அமைப்பு முதலில் உறுதியானால்தான் பத்துப் பதினைந்து பேர் கை வைத்தாலும் சுவர் சிதறாது. அவரவர் இஷ்டத்துக்குத் தொடங்கினால் முகங்களின் அளவு ஒன்றுக்கொன்று ஒட்டாது.

லாங்லி முனை:
சாரம் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். யார் படம் வரும், யார் படம் வராது என்று முடிவு செய்வதில்தான் உண்மையான துணிச்சல் தேவைப்பட்டது. மால்கம் எக்ஸ் இருந்தார், முகமது அலி இருந்தார், பாடகி நீனா சிமோன் இருந்தார். மார்ட்டின் லூதர் கிங் இல்லை. வில்லியம் வாக்கர் வரைந்த சமயப் பகுதியில் முதலில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத் தலைவர் எலைஜா முகமது இடம்பெற்றார். அந்த இயக்கத்தை விட்டுப் பிரிந்த மால்கம் எக்ஸ் இருக்கும் சுவரில் எலைஜா முகமதுவின் படம் வேண்டாம் என்று அவர் தரப்பு கேட்டதும் அந்த இடம் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னருக்குப் போனது.

அந்தச் சுவரின் பெரிய காயமும் இதே இடத்தில்தான். நார்மன் பாரிஷ் வரைந்த தலைவர்கள் பகுதி அவருடைய சம்மதம் இல்லாமலே வெள்ளையடிக்கப்பட்டது. யூஜின் ஈடா வேட் அங்கே புதிதாக வரைந்தார். புதிய ஓவியம் நன்றாகவே இருந்தது, ஆனால் கலைஞர்களுக்கு இடையே இருந்த நம்பிக்கை உடைந்தது. அதனால் இன்று ஒரு குழுவாக வரையப் போகிறவர்கள் தூரிகையை எடுப்பதற்கு முன்பே ஒரு பக்கத் தாளில் மூன்று விஷயங்களை எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள்: மாற்றம் வேண்டுமானால் யாரைக் கேட்பது, எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும், முதலில் வரைந்தவருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. தெருக்காரர்களில் இரண்டு பேராவது அந்தத் தாளில் இருக்க வேண்டும். 43-ஆம் தெரு மக்கள் அந்தச் சுவரைத் தங்களுடையதாக நினைத்துக் காத்தார்கள் என்றால், வரைந்த நாட்கள் முழுக்க அவர்கள் கூடவே நின்று பார்த்ததும் பேசியதும்தான் காரணம்.

ஓதம்:
இனி செங்கல் பக்கம் வருவோம். சுவரோவியம் கெடுவதற்கு முதல் காரணம் தண்ணீர். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் எந்தப் பெயின்டும் நிற்காது. உப்புப் பூத்திருந்தால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில் பயனில்லை, மறுபடி உள்ளே இறங்கித் திரும்ப வெளியே வரும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, கூரைக் குழாய், உடைந்த மேல்விளிம்பு என்று நீர் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். செங்கல் இடுக்கில் புதிதாகக் கலவை பூசியிருந்தால் 28 நாள் பொறுங்கள். சிகாகோ மாதிரி ஊரில் உள்ளே தங்கிய ஈரம் குளிரில் உறைந்து விரியும், செங்கலின் முகமே பெயர்ந்து விழும். அதனால்தான் காற்றை அடைக்கும் எண்ணெய் எனாமல் வேண்டாம் என்கிறேன். செங்கலுக்கான அக்ரிலிக் பிரைமரும் (அடிப்பூச்சு) நூறு சதவீத அக்ரிலிக் பெயின்டும் போதும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாளில் வேலையை நிறுத்துங்கள், படலம் சரியாகப் பிடிக்காது.

கறுப்புத் தோலை வரையும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டப்பாவில் இருக்கும் கறுப்பைப் பழுப்போடு கலந்து நிழல் போட்டுவிடுவார்கள். இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலம் கலந்து நிழலை அமையுங்கள், அடர்ந்த இடத்தில் கொஞ்சம் ஊதா. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் வெளிச்சத்துக்கு வெள்ளையை அப்படியே வைக்காமல் வானத்தின் வெளிர்நீலத்தைத் தொட்டு வையுங்கள், தோல் மினுங்கும். பின்புலம் முகத்தைவிட நன்றாக வெளுத்தோ நன்றாக இருண்டோ இருக்கட்டும். 1968-இல் ஜெஃப் டொனால்ட்சன், வாட்ஸ்வொர்த் ஜாரெல், பார்பரா ஜோன்ஸ்-ஹோகு முதலானோர் தொடங்கிய ஆஃப்ரிகோப்ரா குழு பளீரென்ற நிறங்களைத் தன் அடையாளமாகவே ஆக்கியது, அந்தப் படங்களை நிதானமாகப் பாருங்கள்.

தூரிகை அக்கா:
சாரத்தில் ஏற முடியாத பெரியவர்களையும் பிள்ளைகளையும் எப்படிச் சேர்ப்பது என்றால், பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டத்தில் புழங்கும் 'பாராசூட் துணி' என்ற மெல்லிய துணியில் வரைந்து சுவரில் ஒட்டும் முறை நல்லது. 5 அடிக்கு 5 அடித் துண்டுகளில் கோடு போட்டு எண் கொடுத்துவிட்டால் பள்ளியிலோ தேவாலயக் கூடத்திலோ மேசை மேல் வைத்து யார் வேண்டுமானாலும் நிறம் தீட்டலாம். பிறகு சுவரிலும் துணியின் பின்பக்கத்திலும் அக்ரிலிக் ஜெல் தடவி ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழைத் தள்ள வேண்டும். ஒரு குமிழை விட்டாலும் அங்கேதான் முதலில் உரியும். ஓரங்களில் இன்னொரு முறை ஜெல் தடவுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் 1967-ஐப் பின்பற்ற வேண்டாம் என்பேன். 1990-இல் அமெரிக்காவில் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்படி, சுவரிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய ஓவியமாக இருந்தால், அதை எடுப்பதற்கு முன் கட்டட உரிமையாளர் கலைஞருக்கு எழுத்தில் தெரிவித்து 90 நாள் தர வேண்டும். அதற்குப் பதிப்புரிமை அலுவலகத்தில் உங்கள் பெயரும் முகவரியும் பதிவாகியிருப்பது நல்லது. பிரிக்கவே முடியாத சுவர் என்றால், 'அழிந்தாலும் சம்மதம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சாரம்:
அக்கா சொன்னது சரி. 43-ஆம் தெருக் கட்டடம் 1971-இல் தீப்பிடித்தது, அதன் பிறகு இடிக்கப்பட்டது. இன்று நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் ஒளிப்படங்களே. அதனால் சுவர் முடிந்த வாரமே மேகமூட்டமான நாளில், நிற அட்டை ஒன்றையும் அளவுகோல் ஒன்றையும் ஓரத்தில் வைத்து, பகுதி பகுதியாகப் படம் எடுங்கள். பயன்படுத்திய பெயின்டின் பெயர், எண், எந்த இடத்துக்கு என்ன கலவை என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதியை அந்தத் தெருவின் நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.