இன்றே போய்ச் சேர வேண்டும்: பூங்கொத்தை யாரிடம் சொல்வது?

கேள்வி (காலை 8:40)

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். அறுவை சிகிச்சை முடிந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் அவள் கையில் ஒரு பூங்கொத்து இருக்க வேண்டும்.

போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு ஒரு இணையதளத்தில் சொன்னேன். ‘இன்றே டெலிவரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தில் வெள்ளை லில்லி. மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்ததோ மஞ்சள் செவ்வந்தி. அக்கா பாவம், “ரொம்ப அழகா இருக்கு” என்றாள். போட்டோ அனுப்பச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டாள். பல மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த முறை ஏமாறாமல் இருக்க என்ன வழி?

பதில் 1

பூங்கொத்துக் கடையில் 6 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த மாதிரி தளங்கள் பலவற்றிடம் ஒரு பூகூட இருக்காது. உங்கள் பணத்தில் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை அந்த ஊர்க் கடை ஒன்றுக்குத் தள்ளிவிடுவார்கள். கைக்கு வந்த பணத்துக்கு, அன்று பக்கெட்டில் இருப்பதை வைத்துக் கடைக்காரர் கட்டிக் கொடுப்பார். படத்தில் இருந்த லில்லி அவர் கடையில் வந்தே இருக்காது.

ஊர் விட்டு ஊர் ஆர்டர் அனுப்புவது பழைய பழக்கம்தான். 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து எஃப்.டி.டி. என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். அப்போது ஆர்டர் தந்தியில் போகும்.

நீங்கள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடையை மேப்பில் தேடி நேரடியாகப் போன் போடுங்கள். உடனே போடுங்கள். அன்றே அனுப்பும் ஆர்டரைப் பல கடைகள் மதியம் 12 அல்லது 2 மணியோடு நிறுத்திவிடும். அதுவும் அக்கா ஊர்க் கடிகாரப்படி. கொத்து கட்டவும் வேண்டும், வண்டி கிளம்பவும் வேண்டும் இல்லையா?

படத்தைக் காட்டி “இதே வேண்டும்” என்று நிற்காதீர்கள். பணம் இவ்வளவு, நிறம் இது என்று சொல்லிவிட்டு, “இன்று எது நன்றாக இருக்கிறது?” என்று கேளுங்கள். ஒரு நல்ல கடைக்காரருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. கார்னேஷனும் செவ்வந்தியும் நாள்பட நிற்கும், தண்ணீர் மாற்றினால் இரண்டு வாரம்கூட. ஹைட்ரேஞ்சியா தண்ணீர் குறைந்தால் சட்டென்று துவண்டுவிடும். உடம்பு தேறுகிறவருக்கு வாசனை தூக்கலான பூ வேண்டாம்.

அப்புறம், மாடி எண், அக்கா போன் நம்பர், அட்டையில் எழுத வேண்டிய வாசகம் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்ன பெயர்கள் அட்டையில் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், நானே எழுதியிருக்கிறேன்.

பதில் 2

வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். பூச்சாடித் தண்ணீரும் ஆபத்து.

பதில் 3

எல்லாத் தளங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். அந்த ஊர் மொழி தெரியாதவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு இரண்டு முறை சரியாகவே போய்ச் சேர்ந்தது.

கேட்டவர் (மாலை 5:15)

முதலில் போட்ட நம்பரில், “கடை எந்தத் தெருவில் இருக்கிறது?” என்றேன். பதிலே இல்லை. சரி, இதுவும் சொந்தக் கடை இல்லாத தளம்தான் போல என்று வைத்துவிட்டேன். இரண்டாவது கடை மூடியிருந்தது. மூன்றாவதில் ஒரு அம்மா எடுத்தார். “ரோஜா இன்னைக்கு சுமார்தான், கார்னேஷன் எடுத்துக்கோங்க” என்றார். விற்க வேண்டிய பொருளைச் சுமார் என்று சொல்கிறாரே, இவரை நம்பலாம் என்று பணத்தை அனுப்பினேன்.

பதில் 2 போட்டவருக்கு: அக்கா வீட்டில் பூனை உண்டு! போன வருடம் லில்லி வராததே நல்லதாகப் போயிற்று.

நாலு மணிக்குப் பூ போய்ச் சேர்ந்தது. இந்த முறை கேட்காமலே போட்டோ அனுப்பியிருக்கிறாள், மூன்று.